அம்மாவின் சேலையில் ஊசி வைக்கப் பயமாக இருக்கிறது

கேள்வி: எனக்கு 45 வயது. கோவையில் இருக்கிறேன். அம்மா காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. அவர் கட்டிய சுங்குடிச் சேலைகளை வெட்டி, 6 அங்குலச் சதுரங்களாக 80 துண்டு இணைத்து, 48-க்கு 60 அங்குலத்தில் ஒரு குயில்ட்டுக்கு (மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என மூன்று அடுக்கைச் சேர்த்துத் தைக்கும் போர்வை) மேல்துணி தைத்துவிட்டேன். ஜூலையில் கல்லூரி விடுதிக்குப் போகும் மகளுக்காகத் தைத்தது. ஆனால் ஐந்து மாதமாக அது பீரோவிலேயே மடித்துக் கிடக்கிறது. என்னிடம் இருப்பது மோட்டார் மாட்டிய பழைய கறுப்பு மெஷின். அதில் ஓட்டினால் துணி சுருங்கிப் பாழாகிவிடுமோ என்று பயம். கையால் தைக்கலாம் என்றால் என் தையல் கோணல்மாணலாக வரும், முடிக்கவும் மாட்டேன். தெரிந்த ஒருவர், "மெஷினில் ஓட்டினால் அது குயில்ட்டே இல்லை" என்கிறார். நான் என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இந்த வேலையில் திரும்பி வர முடியாத கட்டம் ஒன்றுதான்: சேலையில் கத்தரி வைப்பது. அதை நீங்கள் தாண்டிவிட்டீர்கள். 80 துண்டுகளை மூலைக்கு மூலை சேர்த்தும் முடித்துவிட்டீர்கள். இனிமேல் போடப்போகும் தையல் எல்லாமே பிரிக்கக் கூடிய தையல். நான் சென்னையில் இருபது வருடத்துக்கு மேலாகக் குயில்ட் தைக்கக் கற்றுக்கொடுக்கிறேன். மேல்துணியைத் தைத்துவிட்டு அதோடு நின்றுபோனவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். சிலருடையது பத்து வருடம் பீரோவில் இருந்திருக்கிறது. உங்களுடையது ஐந்து மாதம்தான்.

வருகிறவர்கள் எல்லோரும் மெஷினைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். ஆனால் நீங்கள் அஞ்சும் அந்தச் சுருக்கம், துணி மெஷினுக்கு வரும் முன்பே, தரையில் விரிக்கும்போதே உள்ளே புகுந்துவிடுகிறது. நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது. என் முதல் குயில்ட்டுக்கு அடித்துணியைச் சும்மா உதறி விரித்து, மேலே பஞ்சும் மேல்துணியும் போட்டு, ஓரத்தில் மட்டும் ஊக்கு குத்தி ஓட்டிவிட்டேன். மேல்பக்கம் அழகாக இருந்தது. திருப்பிப் பார்த்தால் அடியில் 27 இடத்தில் மடிப்பு. ஒன்பது இரவு உட்கார்ந்து பிரித்தேன். மனசு விட்டுப்போய்விட்டது, உண்மைதான். ஆனால் பிரித்து, துவைத்து, இஸ்திரி போட்ட பிறகு அந்தத் துணியில் தையல் போட்டிருந்த சுவடே இல்லை. மறுபடி தைத்தேன். இன்றும் வீட்டில் அது புழக்கத்தில் இருக்கிறது.

அதனால் தரை வேலையைத்தான் முதலில் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

அடித்துணி மேல்துணியைவிட நாலு பக்கமும் 4 அங்குலம் பெரிதாக இருக்க வேண்டும். உங்கள் அளவுக்கு 56-க்கு 68. கடையில் இழை நெருங்கிய வழவழப்பான பெட்ஷீட் துணியைக் காட்டுவார்கள், அது வேண்டாம். அதில் கை ஊசி இறங்காது. மெல்லிய காடாவோ மல் துணியோ வாங்கி, துவைத்து, தேவையான அகலத்துக்கு ஒட்டுக் கொடுத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் என்ன வைப்பது? இங்கே எளிதில் கிடைப்பது பாலியெஸ்டர் பஞ்சு ஷீட். உப்பலாக இருக்கும், நம் ஊர் வெயிலுக்கு வேர்க்கும், மெஷினில் நழுவும். உங்கள் குயில்ட்டுக்கு அதை நான் சொல்ல மாட்டேன். பருத்திப் பஞ்சு ஷீட் ஆன்லைனில் கிடைக்கிறது. எத்தனை அங்குலத்துக்கு ஒரு தையல் ஓட வேண்டும் என்று அதன் கவரிலேயே போட்டிருப்பார்கள். 6 அங்குலத்துக்குக் குறையாமல் இடைவெளி விடலாம் என்று எழுதியிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். இல்லையென்றால் வீட்டில் இருக்கும் பழைய பருத்திப் போர்வையையோ ஃபிளானல் துணியையோ நடுவில் வைக்கலாம். இது பஞ்சு கிடைக்காதபோது செய்யும் சமாதானம் அல்ல. வங்காளத்தின் காந்தாவில் பஞ்சே கிடையாது. பழம்புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஓட்டத் தையல் போட்டதுதான் காந்தா. நாமும் பிறந்த குழந்தையைப் பழம்புடவையில்தானே சுற்றுகிறோம்? கட்டிக் கட்டி மெத்தென்று ஆன பருத்திக்கு இணையான துணியை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

இப்போது தரை. டைல்ஸ் தரையைத் துடைத்துக் காயவிடுங்கள். இஸ்திரி போட்ட அடித்துணியை, நல்ல பக்கம் கீழே இருக்கும்படி விரித்து, முதலில் எதிரெதிர் ஓரங்களின் நடுவில், பிறகு மூலைகளில், பிறகு மிச்ச இடங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். துணி விறைப்பாக இருக்க வேண்டும், ஆனால் இழுத்து நீட்டக் கூடாது. இழுத்து ஒட்டினால், டேப்பை எடுத்ததும் துணி பழைய அளவுக்குச் சுருங்கி மேல்துணியையும் சேர்த்து இழுத்துவிடும். உள்ளங்கையால் தடவிப் பார்த்தால் அலை நகரக் கூடாது, அதுதான் பதம். அதன்மேல் நடுத்துணி. அதன்மேல் உங்கள் மேல்துணி. ஒவ்வொன்றையும் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவிவிடுங்கள்.

ஊக்கு குத்துவதையும் நடுவிலிருந்து தொடங்குங்கள். சதுரத்துக்கு இரண்டு ஊக்கு, மூலைவிட்டமாக. 80 சதுரத்துக்கு 160 ஊக்கு வேண்டும். பலர் இந்த எண்ணைக் கேட்டதும் பாதியாகக் குறைத்துக்கொள்கிறார்கள், பிறகு மெஷினைக் குறை சொல்கிறார்கள். தையல் ஓடப்போகும் இணைப்புக் கோட்டின் பக்கத்தில் மட்டும் ஊக்கு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். துருப்பிடிக்காத சின்ன ஊக்காக வாங்குங்கள். மழைக்காலத்தில் சாதா ஊக்கை ஒரு மாதம் துணியிலேயே விட்டுவிட்டால் கறை விழும், அந்தக் கறை போகாது. குனிந்து உட்கார முடியாவிட்டால் சாப்பாட்டு மேசையில் பாதி பாதியாக, கிளிப் போட்டு இதையே செய்யலாம். முடிந்ததும் எல்லாவற்றையும் தூக்கித் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். எங்காவது தொளதொளவென்று இருந்தால் அங்கே நாலு ஊக்கைக் கழற்றி மறுபடி குத்துங்கள். இந்தக் கட்டத்தில் ஐந்து நிமிடத்தில் சரியாகும் ஒன்று, தைத்த பிறகு ஒரு சாயங்காலத்தை எடுத்துக்கொள்ளும்.

அப்புறம் சேலைகளைப் பற்றி ஒரு வார்த்தை. விரிக்கும் முன், மேல்துணியை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துச் சதுரம் சதுரமாகப் பாருங்கள். இழை விலகி வெளிச்சம் ஊடுருவும் துண்டுகளுக்கு, பின்பக்கம் இஸ்திரியால் ஒட்டும் மெல்லிய கேன்வாஸ் கொடுத்துவிடுங்கள். சட்டைக் காலருக்கு வைக்கும் கனத்தது அல்ல, இருப்பதிலேயே மெல்லியது. இன்னொன்று சாயம். சுங்குடியின் அரக்கும் கருநீலமும் பல வருடம் கழித்தும் விடுவதுண்டு. வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து ஒவ்வொரு நிறத்தின் மேலும் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் எந்த நிறம் என்று குறித்துவையுங்கள். மேல்துணியை இப்போது துவைக்க வேண்டாம், இணைப்பு ஓரங்கள் நைந்துபோகும். முதல் அலசல் எப்படி என்று கடைசியில் சொல்கிறேன்.

சரி, மெஷினுக்கு வருவோம்.

உங்கள் கறுப்பு மெஷின் இதற்குப் போதும். சட்டையும் பாவாடையும் தைக்கும்போது இரண்டு மடிப்புத் துணிதான் போகிறது. இங்கே மூன்று அடுக்கு. மெஷினின் பற்கள் அடித்துணியைத்தான் பிடித்துத் தள்ளும், மேலே ஃபுட் அழுத்திப் பிடித்திருக்கும். அதனால் மேல்துணி பின்தங்கி, ஊசிக்கு முன்னால் அலையாகச் சேர்ந்துகொள்ளும். உங்கள் பயத்துக்கு மெஷினில் உள்ள காரணம் இது ஒன்றுதான். வாக்கிங் ஃபுட் என்று ஒன்று விற்கிறார்கள், அதற்கும் பற்கள் உண்டு, மேல்துணியையும் அதே வேகத்தில் நகர்த்தும். உங்கள் மெஷினின் ஃபுட் கம்பியில் பொருந்துமா என்று பழைய ஃபுட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். கிடைக்காவிட்டால், ஃபுட் கம்பியின் உச்சியில் இருக்கும் திருகைக் கொஞ்சம் தளர்த்தினால் அழுத்தம் குறையும். 160 ஊக்கும் சேர்ந்தால் அதுவே பெரும்பாலும் போதும்.

புது ஊசி, 14-ஆம் நம்பர். மேலும் கீழும் பருத்தி நூல். தையல் நீளத்தை அங்குலத்துக்கு எட்டு முதல் பத்து தையல் வரும்படி வையுங்கள். மூன்று அடுக்கில் பொடித் தையல் போட்டால் பழைய துணியைத் துளைத்துக்கொண்டே போகும், பிரிப்பதும் கஷ்டம். மேசையை மெஷினுக்கு இடப்பக்கமும் பின்பக்கமும் சேர்த்துப் போடுங்கள். குயில்ட் கீழே தொங்கினால் அதன் எடையே துணியை இழுத்துத் தையலைக் கோணலாக்கும். கோணலுக்குக் கையைக் குறை சொல்கிறவர்களில் பாதிப் பேருக்கு மேசைதான் போதவில்லை.

புதிதாகத் தைப்பவர்களுக்கு இணைப்புக் கோட்டின் பள்ளத்துக்குள்ளேயே ஓட்டச் சொல்லிக் கொடுப்பார்கள். நான் அப்படிச் சொல்வதில்லை. பள்ளத்தை விட்டு ஒரு நூல் விலகினாலும் பளிச்சென்று தெரியும். அதைவிட இணைப்பிலிருந்து கால் அங்குலம் தள்ளி, ஃபுட்டின் ஓரத்தை இணைப்போடு ஒட்டிவைத்து ஓட்டுங்கள். சற்று முன்னே பின்னே போனாலும் கண் அதைப் பிழையாக எடுத்துக்கொள்ளாது. முதலில் நடுவில் இருக்கும் நெட்டு இணைப்பு, அடுத்து நடுவில் இருக்கும் குறுக்கு இணைப்பு. இந்த இரண்டும் குயில்ட்டைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்கு மற்றவை. மொத்தம் 7 நெட்டு, 9 குறுக்கு. கூட்டினால் 852 அங்குலம், சுமார் 71 அடி. இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடியும்.

பூவும் கொடியுமாக மெஷினில் சுழற்றி ஓட்டுவது வேறு வித்தை. பல்லை இறக்கிவிட்டு, துணியைக் கையாலேயே நகர்த்த வேண்டும். நம் ஊரில் மெஷின் எம்ப்ராய்டரி போடுகிறவர்கள் இதே கறுப்பு மெஷினில் வளையம் வைத்துச் செய்வது இதைத்தான், அவர்களுக்கு இது புதிதே அல்ல. நீங்களும் பின்னால் கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். அம்மாவின் சேலையில் வேண்டாம்.

மெஷினில் ஓட்டினால் குயில்ட்டே இல்லை என்றாரே உங்களுக்குத் தெரிந்தவர், அந்த வாதம் அமெரிக்காவில் நெடுநாள் நடந்தது. அங்கே கென்டக்கி மாநிலத்தின் படூக்கா என்ற ஊரில் ஆண்டுதோறும் பெரிய குயில்ட் கண்காட்சி நடக்கிறது. 1989-இல் அதன் முதல் பரிசு கேரில் பிரையர் ஃபாலர்ட் என்பவரின் சூரிய கிரகணக் குயில்ட்டுக்குப் போனது. முழுக்க மெஷினில் ஓட்டிய குயில்ட் ஒன்று அந்தப் பரிசை வாங்கியது அதுவே முதல் முறை. அப்போது சண்டை பெரிதாகத்தான் இருந்தது. இன்று அதே ஊரில் இருக்கும் தேசியக் குயில்ட் அருங்காட்சியகத்தில் கைத்தையலும் மெஷின் தையலும் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன. மூன்று அடுக்கையும் ஒன்றாகப் பிடித்து நிறுத்தும் தையல் இருந்தால் அது குயில்ட். எதனால் போட்டீர்கள் என்பது உங்கள் விருப்பம்.

"நடுவிலிருந்து தொடங்கு" என்ற விதியையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் சித்திப் பெண்கள் கவந்தி என்ற போர்வையை ஓரத்திலிருந்து ஆரம்பித்து, சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடிக்கிறார்கள். துண்டுகளை முன்கூட்டியே இணைத்துக்கொள்வதில்லை. தைத்துக்கொண்டு போகும்போதே ஒவ்வொரு துண்டாக ஓரம் மடித்து வைக்கிறார்கள். தொய்வு உள்நோக்கி நகர்ந்தாலும் அடுத்த துண்டு அதை வாங்கிக்கொள்ளும். உங்கள் மேல்துணி ஏற்கெனவே ஒரே துண்டாகிவிட்டது, தொய்வு போய்ச் சேர அதில் இடமில்லை. அதனால்தான் உங்களுக்கு நடுவிலிருந்து தொடங்கச் சொல்கிறேன்.

இனி கைத்தையல். உங்கள் தையல் கோணலாக வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். தேர்ந்த கைகள் அங்குலத்துக்குப் பத்து தையல் போடும் என்று கேட்டுவிட்டுத்தான் பலரும் ஊசியைக் கீழே வைக்கிறார்கள். நாலு தையல் போதும். தையல்கள் ஒரே அளவில் இருப்பதை மட்டும் பாருங்கள், பொடியாக வருவது கைப்பழக்கத்தில் தானாக வரும். எம்ப்ராய்டரிக்கு விற்கும் 8-ஆம் நம்பர் பருத்தி முறுக்கு நூல் வாங்குங்கள். சாதா நூலைவிடத் தடிமனாக, லேசான பளபளப்போடு இருக்கும். ஒவ்வொரு தையலும் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியும் என்பதால் சின்ன ஏற்ற இறக்கமும் கைவேலையின் அழகாக நிற்கும். அமெரிக்காவின் அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூரின் கறுப்பினப் பெண்கள் பழைய வேலை உடுப்புகளை வெட்டித் தைத்த குயில்ட்டுகளில் அளவுகோல் வைத்த நேர்கோட்டைத் தேட வேண்டும். 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் அவற்றை ஓவியங்கள் போலச் சுவரில் மாட்டியது.

நூலை ஒரு முழ நீளத்துக்குமேல் எடுக்காதீர்கள், சிக்கு விழும். முடிச்சு வெளியே தெரியாமல் இருக்க ஒரு வழி உண்டு. தொடங்கும் இடத்துக்கு ஓர் அங்குலம் தள்ளி அடித்துணியில் படாமல், மேல்துணி வழியாக நடுத்துணிக்குள் ஊசியை விட்டு, தொடங்கும் இடத்தில் எடுத்து, மெல்லச் சுண்டி இழுங்கள். டப்பென்ற சின்னச் சத்தத்தோடு முடிச்சு உள்ளே போய் நடுத்துணியில் மாட்டிக்கொள்ளும். மாணவிகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். அந்தச் சத்தம் ஒருமுறை கேட்டுவிட்டால் முகமே மாறிவிடும். ஊசியைத் தள்ளும் நடுவிரலுக்கு உலோகத் தொப்பி கட்டாயம் மாட்டுங்கள். முதல் நாள் இடைஞ்சலாக இருக்கும், நாலாம் நாள் அது இல்லாமல் தைக்க முடியாது. விரலில் குத்தி ரத்தம் துணியில் பட்டால் அப்போதே குளிர்ந்த தண்ணீரால் ஒற்றி எடுங்கள். வெந்நீர் பட்டால் கறை நின்றுவிடும்.

கோடு போட வேண்டுமென்றால் தேய்ந்துபோன சோப்புத் துண்டே போதும், நம் தையல்காரர்கள் காலங்காலமாகச் செய்வதுதான். தண்ணீரில் போகும் நீலப் பேனா வைத்திருந்தால், கோட்டைக் கழுவும் முன் இஸ்திரி படக் கூடாது, சூட்டில் ஊறி நிலைத்துவிடும். ஆனால் உங்களுக்குக் கோடே தேவையில்லை. சுங்குடியில் புள்ளி இருக்கிறது. அம்மாவின் சேலையில் நூல் கட்டிச் சாயம் ஏற்றிய அந்தப் புள்ளிகளை ஒன்றிலிருந்து ஒன்றாகத் தொட்டுக்கொண்டு போனாலே கோலம் போல வரும்.

மெஷினா கையா என்று கேட்டீர்கள். உங்கள் குயில்ட்டுக்கு இரண்டும். இணைப்புக்குப் பக்கத்தில் மெஷின் ஓட்டுங்கள். இணைப்பின் மடிப்பு உள்ளே இருப்பதால் துணி அங்கே பலமாக இருக்கும். விடுதியில் மகள் வாரா வாரம் துவைத்தாலும் அந்தத் தையல் தாங்கும். அது முடிந்ததும் ஊக்குகளை எல்லாம் எடுத்துவிடலாம். மூன்று அடுக்கும் அசையாமல் பிடிபட்டுவிடும், அதை மடியில் போட்டுக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்து கையால் தைக்கலாம். எந்தச் சேலை அம்மாவை அதிகம் நினைவுபடுத்துகிறதோ அந்தச் சதுரங்களில் புள்ளிகளைத் தொடுங்கள். சாயங்காலம் ஒரு நூல். ஜூலைக்குள் 30 சதுரம் ஆனால் 30, பத்து ஆனால் பத்து. போர்வை அதற்குள்ளேயே பயன்படுத்தத் தயாராக இருக்கும். மிச்சத்தை மகள் விடுமுறைக்கு வரும்போது, விருப்பமிருந்தால் அவளையும் உட்காரவைத்துப் போடலாம்.

இவ்வளவுக்கும் முன்னால் ஒன்று செய்யுங்கள். அம்மாவின் துணியைத் தொடாமல், வீட்டில் இருக்கும் ஏதாவது பருத்தித் துணியில், அதே நடுத்துணி, அதே அடித்துணி வைத்து 14 அங்குலத்தில் ஒரு மாதிரி தையுங்கள். அதில் பத்துக் கோடு மெஷினில் ஓட்டுங்கள், நாலு வரி கையால் போடுங்கள். நூலின் டென்ஷன், தையலின் நீளம், மேசையின் உயரம் எல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். பிறகு அதில் ஒரு வரியை வேண்டுமென்றே பிரியுங்கள். அடிப்பக்கத்தில் மூன்று நாலு தையலுக்கு ஒன்றாக வெட்டிக்கொண்டே போய், மேல்பக்கம் திருப்பி நூலைப் பிடித்து இழுத்தால் முழு நீளமும் ஒரே இழையாக வந்துவிடும். இதை உங்கள் கையாலேயே ஒருமுறை செய்து பார்த்த பிறகுதான் பெரிய துணியில் உட்கார வேண்டும். அதற்கு முன் நான் எவ்வளவு தைரியம் சொன்னாலும் உங்களுக்குத் தூக்கம் வராது.

கடைசியாக, அந்த முதல் அலசல். மூன்று அடுக்கின் ஓரங்களையும் மூடும் ஓரப் பட்டி அடித்து முடித்ததும், பெரிய தொட்டியில் நிறையக் குளிர்ந்த தண்ணீர் விட்டு, மிதமான சோப்பில் தனியாக அலசுங்கள். சாயம் விட்டால் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள், தெளிவாக வரும்வரை நிறுத்த வேண்டாம். ஈரத்தோடு மடித்து வைத்தால்தான் ஒரு நிறம் இன்னொன்றில் ஏறும். முறுக்கிப் பிழியாமல் துண்டில் உருட்டித் தண்ணீரை ஒற்றி எடுத்து, நிழலில் தட்டையாகக் காயப் போடுங்கள். பருத்தி நடுத்துணி லேசாகச் சுருங்கி, தையலைச் சுற்றிப் பொடிச் சுருக்கங்கள் விழும். இப்போது கண்ணை உறுத்தும் கோணல்களில் பாதி அதற்குள் மறைந்துபோவதை அப்போது பார்ப்பீர்கள். 14 அங்குல மாதிரியையும் அதோடு சேர்த்தே அலசிப் போடுங்கள். கால் துடைக்க எடுத்துவிடாதீர்கள், மகளின் பெட்டியில் அதுவும் போகட்டும், மேசையில் சூடான டம்ளர் வைக்க ஆகும்.